ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்து வீடு

டேப்பைக் கீழ வைங்க சார். அளக்குறதெல்லாம் அப்புறம். முதல்ல செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க, இது வீடு. அடுத்த மாசம் இடிக்கப் போறீங்கன்னாலும் இன்னைக்கு வீடுதான்.

நீங்க இன்ஜினியரா, கான்ட்ராக்டர் ஆளா? இன்ஜினியரா. சரி. பார்த்தா படிச்சு முடிச்ச சூடு ஆறாம வந்த மாதிரி இருக்கீங்க. உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைன்னு சொல்லணும்னு ஆசைதான். ஆனா இருக்கு. காலையில கேட்டுல வாட்ச்மேன், "அண்ணே, உன் வீட்டை அளக்க ஆள் வருது"ன்னு சொன்னதுல இருந்து உங்க மேல கோபமாத்தான் உட்கார்ந்திருக்கேன். இன்னும் உங்க மூஞ்சியைக்கூடப் பார்க்கலை, அப்பவே கோபம்.

உட்காருங்க. அந்தக் கட்டில்லயே உட்காருங்க, நாற்காலி போட இடம் இல்லை. இல்லை, இல்லை, இடம் இல்லைன்னு நான் சொன்னதா எழுதிக்காதீங்க. இடம் இருக்கு. நாற்காலிதான் இல்லை.

என் பேரு அங்குராஜ். இந்த ஜூவுல அனிமல் கீப்பர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், அதுல பதினோரு வருஷம் ஒட்டகச்சிவிங்கி. இப்போ முள்ளம்பன்னி. ஒட்டகச்சிவிங்கி பார்த்த ஆளை முள்ளம்பன்னி பார்க்க வெச்சிருக்காங்க. அண்ணாந்து அண்ணாந்து பழகின கழுத்து சார் இது, குனிஞ்சா வலிக்குது. இதையும் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அது மிருக டாக்டர்தான், இருந்தாலும் சொன்னேன். "தைலம் தேய்ங்க அண்ணே"ன்னுட்டுப் போயிருச்சு.

இந்த வடக்குச் சுவரைப் பாருங்க. இதுக்கு அந்தப் பக்கம்தான் ஒட்டகச்சிவிங்கிப் பட்டி. நடுவுல சந்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதோட தெக்குச் சுவரும் என்னோட வடக்குச் சுவரும் ஒரே சுவர். மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சா, காதுகிட்ட சரக், சரக்னு கேட்கும். அந்தப் பக்கம் நின்னு சுவரை நக்கும் சார். முழ நீளத்துக்கு நாக்கு, நாவப்பழம் தின்ன மாதிரி ஒரு நிறம். பூச்சு போய் செங்கல் தெரியுற வரைக்கும் நக்கிருச்சு. ஜனங்க வேலிக்கு வெளிய நின்னு, "ஐயோ நாக்கைப் பாரு"ன்னு கை தட்டும். எனக்கு அதுல பெருமை. டாக்டரம்மா வந்துதான் அது வியாதின்னு சொல்லுச்சு. இடம் பத்தாம அடைஞ்சு கிடக்குற மிருகம்தான் இப்படி நக்குமாம்.

டாக்டரம்மா பேரு ஷெரின். வந்து ரெண்டு வருஷம் ஆகுது. உங்க வயசுதான் இருக்கும். வந்த முதல் நாளே ஒரு ஸ்டூலைப் போட்டுப் பட்டிக்கு முன்னால உட்கார்ந்து, அது நடக்குறதை எண்ணுச்சு. பேனாவை வெச்சு நோட்டுல கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணுச்சு. சாயங்காலம் என்கிட்ட வந்து, "அங்குராஜ் அண்ணே, இருபத்திரெண்டு எட்டு நடக்குது, திரும்புது. மறுபடி இருபத்திரெண்டு எட்டு, திரும்புது. நாள் பூரா இதான் பண்ணுது"ன்னுச்சு.

"நானும் அதைத்தான் மேடம் பண்றேன்"னேன். "வாசல்ல இருந்து அடுப்பு ஆறு எட்டு. அடுப்புல இருந்து வாசல் ஆறு எட்டு. எனக்கு யாரும் கோடு போட்டு எண்ணலையே?"

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அந்தம்மா மட்டும் சிரிக்கலை. என்னைப் பார்க்காம, திரும்பி இந்த வீட்டைப் பார்த்துச்சு. நான் அப்பவே உஷார் ஆகியிருக்கணும்.

ஒட்டகச்சிவிங்கிக்குப் பேப்பர்ல போட்டி வெச்சு 'சாந்தினி'ன்னு பேரு வெச்சாங்க. போர்டுல அதான் இருக்கும். நான் கூப்பிடுறது நெட்டச்சி. என் சம்சாரம் கூப்பிடுறது 'ஏ புள்ள'. ஜோடியாத்தான் வந்துச்சு, கூட வந்த கிடா பேரு மைனர். ரெண்டும் குட்டியா வந்தப்ப பட்டி மைதானமாட்டம் இருந்துச்சு. அப்புறம் அதுங்க வளர்ந்துச்சு, நான் என்ன பண்றது? வடக்க முதலைத் தொட்டி கட்டினாங்க. மேற்க குட்டி ரயில் விட்டாங்க. கிழக்க மெயின் ரோடு. மூணு பக்கமும் அடைச்சது கார்ப்பரேஷன், பழி மட்டும் தெக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மேல.

மைனர் அஞ்சு வருஷம் முன்னாடி வழுக்கி விழுந்து செத்துப் போச்சு. ஒட்டகச்சிவிங்கி விழுந்தா எந்திரிக்கிறது கஷ்டம் சார், நாலு காலும் நாலு பக்கம் போயிரும். நான் கழுவி விட்ட தரை காயலைன்னு பேசினாங்க. கழுவாம விட்டிருந்தா நாறுதுன்னு பேசியிருப்பாங்க. விடுங்க.

என் சம்சாரம் பேரு பூரணம். அவளும் இங்கதான் வேலை, தீவனக் கூடத்துல. கேரட் நறுக்குறது, குரங்குக்கு முட்டை அவிக்கிறது, அந்த மாதிரி. அவங்கப்பா இங்க கீப்பரா இருந்து சர்வீஸ்லயே போயிட்டார். வாரிசு வேலை அவளுக்கு வந்துச்சு, கூடவே இந்தக் குவார்ட்டர்ஸும். ஆமா, அவ பேர்லதான் இருக்கு. உங்க ஃபைல்லயும் அப்படித்தான் இருக்கும். அதை எனக்குச் சொல்லிக் காட்டாதவன் இந்த ஜூவுல கிடையாது. பொண்டாட்டி பேர்ல இருந்தா அது புருஷன் வீடு இல்லையா சார்?

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். குணமானவ. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. வீட்டுக்குள்ள அவ குரலே கேட்காது, அவ்வளவு நிம்மதி. எனக்குத்தான் கொஞ்சம் கோபம் வரும். நாள் பூரா வெயில்ல நின்னுட்டு வர்ற மனுஷனுக்கு வராதா? தட்டைத் தூக்கி எறிவேன், அத்தோட சரி. அவ மேல பட்டது ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. அதுவும் நான் எறிஞ்ச பக்கம் அவ நின்னதால பட்டது. பத்துக்குப் பன்னெண்டு வீட்டுல எங்க எறிஞ்சாலும் யார் மேலயாவது படத்தான் செய்யும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. தலைப்பிரசவத்துக்குக் கூப்பிட்டேன், வரலை. "அங்க மூச்சு முட்டும்ப்பா"ன்னுருச்சு. பிறந்து வளர்ந்த வீடு மூச்சு முட்டுதாம். எல்லாம் புகுந்த வீட்டுல சொல்லிக் குடுக்கிறது.

வெளிய நிக்குற சைக்கிளைப் பார்த்தீங்களா? அந்தப் பெல்லைப் பாருங்க போகும்போது. பழைய பெல்லு, பித்தளை மூடி, ரெண்டு தெருவுக்குக் கேட்கும். டூட்டி முடிஞ்சு வரும்போது யானைக் கொட்டகை திருப்பத்துலயே அடிக்க ஆரம்பிச்சிருவேன். நான் வர்றேன்னு வீட்டுக்குத் தெரியணும்ல, காப்பி சூடா இருக்கணும்ல. காப்பி இருக்கும். அவ இருக்க மாட்டா. காய்ஞ்ச துணியை எடுக்கணும்னு மாடிக்குப் போயிருப்பா. நாலு துணி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் அவளுக்கு. கார்த்திகை மாசம் அடை மழையிலயும் காய்ஞ்ச துணி எடுக்கப் போவா சார். பொம்பளைங்க வேலை எப்பவும் அப்படித்தான், சுத்தி வளைச்சுச் செய்வாங்க.

நெட்டச்சிக்கு அந்தப் பெல்லுன்னா உயிரு. எங்க நின்னாலும் சரி, என் பெல் சத்தம் கேட்டுச்சுன்னா விறுவிறுன்னு நடந்து இந்தச் சுவரண்டை வந்து நிக்கும். டாக்டரம்மா நோட்டுல வராத எட்டு அது. ஜனங்க, "கீப்பர் வர்றது தெரிஞ்சு வருது பாரு"ன்னு மொபைல்ல படம் பிடிக்கும். நான் வந்து வேலிகிட்ட நின்னா என்னை நேராப் பார்க்காது. கொஞ்சம் மேலாப்ல, இந்த மாடிப் பக்கம் பார்க்கும். கூச்சம்னு நெனைச்சுக்குவேன். பொட்டைதானே.

ஒரு தடவை நானே மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரண்டை பூரணம் நின்னுட்டிருந்தா, அந்தப் பக்கம் இருந்து நெட்டச்சி தலையை நீட்டி நின்னுச்சு. ரெண்டு முகமும் நேருக்கு நேர். இவ என்னமோ பேசிக்கிட்டே முருங்கைக் கொத்தை உருவி உருவிக் குடுக்குறா. "என்னடி பேசுற?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா. இறங்கி வந்துட்டா. என்கிட்ட ஒண்ணுமில்ல, அதுகிட்ட மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு இருந்திருக்கு.

போன வருஷம் மேலிடத்துல இருந்து ஒரு குழு வந்துச்சு. பட்டியை அளக்கணும்னாங்க. இடம் பத்தலைன்னு எழுதிட்டா என் வீட்டுப் பக்கம்தான் வருவாங்கன்னு எனக்குத் தெரியும். இதே மாதிரி டேப்புதான், ஒரு முனையை என்கிட்ட குடுத்தாங்க, நான்தானே உள்ள போக முடியும். இப்போ உங்ககிட்ட சொல்றதுல என்ன வந்தது, சொல்றேன். ரோட்டுப் பக்கச் சுவரோட அடியில தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. முனையை அந்த ஓட்டைக்குள்ள ரெண்டு அடி விட்டுட்டு, குத்த வெச்சு மறைச்சுக்கிட்டுப் பிடிச்சேன். அந்தப் பக்கம் எழுதிக்கிட்டாங்க. அப்போ டாக்டரம்மா சொல்லுது, "அண்ணே, போன மாசம் நான் அளந்தப்ப அம்பத்தெட்டு அடி. இன்னைக்கு அறுபது வருது. சுவர் நகர்ந்துருச்சா?"

ரெண்டு அடி சார். ரெண்டே ரெண்டு அடி. அதுக்கு அத்தனை பெரிய மனுஷங்க முன்னால என்னை எந்திரிச்சு நகரச் சொல்லி, ஓட்டைக்குள்ள இருந்து டேப்பை உருவிக் காட்டுச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு நெட்டச்சி நடுவுல நின்னுச்சு, இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேனோ.

அப்புறம் ஆர்டர் வந்துச்சு. ஆறு மாசத்துல பட்டியை ரெண்டு மடங்கு ஆக்கணும், இல்லைன்னா விலங்கை வேற ஜூவுக்கு அனுப்பணும். எந்தப் பக்கம் ஆக்குறது? முதலையை நகர்த்த முடியாது. ரயிலை நிறுத்தினா ஜனங்க சண்டைக்கு வருவாங்க. ரோடு கவர்மென்ட்டு. மிச்சம் இருக்கிறது அங்குராஜ்தான்.

டைரக்டர் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். பைபாஸ் பக்கம் புதுக் குவார்ட்டர்ஸ், மூணாவது மாடி, ரெண்டு ரூம், பால்கனி எல்லாம் இருக்குன்னார். முடியாதுன்னேன். அவர் என்னை விட்டுட்டுப் பூரணத்தைப் பார்த்து, "வீடு உங்க பேர்லதானேம்மா இருக்கு, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னார். அவ வாயைத் திறந்தா. நான் இருமினேன். மூடிக்கிட்டா.

வீட்டுக்கு வந்து சொல்றா, "குடுத்துருவோமேங்க. பாவம் அந்தப் புள்ள. திரும்பி நிக்கக்கூட இடமில்லாம நிக்குது."

"எனக்கு மட்டும் இருக்கா?"ன்னேன்.

"நமக்குக் கதவு இருக்குல்ல"ன்னா.

இருபத்தெட்டு வருஷத்துல அவ எனக்குச் சொன்ன முதல் பதில் சார் அது. அன்னைக்கும் தட்டு பறந்துச்சு. படலை.

ஏன் இவன் இந்த ஒரு ரூமுக்கு இப்படிச் சாகுறான்னு நெனைப்பீங்க. இந்த வீட்டை விட்டா நான் யாரு? இங்க வாட்ச்மேன்ல இருந்து ஐஸ் விக்கிறவன் வரைக்கும், 'ஒட்டகச்சிவிங்கி வீடு'ன்னா கை காட்டுவான். படிச்சவங்க, பணக்காரங்க எல்லாம் டிக்கெட் எடுத்து வந்து நிக்கிற இடத்துல நான் லுங்கியோட நின்னு பல்லு விளக்குவேன். பைபாஸ்ல மூணாவது மாடியில என்னை யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமா இருந்துச்சு. அதையும் எழுதிக்கங்க வேணும்னா.

சங்கத்துல போய்ச் சொன்னேன். வக்கீலைப் பிடிச்சுக் குடுத்தாங்க. வீடு அவ பேர்ல இருக்கிறதால மனுவும் அவ பேர்லதான் போடணும்னார். பேப்பரைக் கொண்டு வந்து நீட்டினேன். "படிச்சுட்டுப் போடட்டுமா"ன்னா. "படிச்சு நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா, போடு"ன்னேன். போட்டா. கையெழுத்து கோணலாப் போயிருச்சு. வக்கீல் செல்லும்னுட்டார்.

தடை கிடைச்சுது! ஜெயிச்சுட்டேன் சார். அன்னைக்கு ஜூ பூரா லட்டு குடுத்தேன். டாக்டரம்மா ஸ்டூல்கிட்டயும் ஒண்ணு வெச்சுட்டு வந்தேன். அது எடுக்கலை, எறும்புதான் தின்னுச்சு. பூரணமும் எடுக்கலை, பல்லு வலின்னா.

ஜெயிச்ச மூணாம் நாள் டைரக்டர் சொல்றார், "வீட்டை எடுக்க முடியாது, அப்போ விலங்கு போகுது." மலையடிவாரத்துல புதுசா ஒரு பெரிய ஜூ கட்டியிருக்காங்க, அங்க ஏற்கெனவே நாலு நிக்குதாம். நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். எப்படிக் கொண்டு போவாங்க? ஒட்டகச்சிவிங்கியை மயக்க ஊசி போட்டு ஏத்துறதுன்னா உயிரோட விளையாட்டு, மயங்கிச் சாஞ்சா அந்தக் கழுத்துக்கு என்ன வேணாலும் ஆகும். அதுவா நடந்து பெட்டிக்குள்ள போகணும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடியே அந்த உசந்த பெட்டியைக் கொண்டாந்து பட்டி வாசல்ல நிறுத்தி, தினம் அதுக்குள்ளதான் தழை கட்டணும். பெட்டிக்குள்ள போய்த் தின்னுட்டு வந்து தின்னுட்டு வந்து அதுக்குப் பயம் போயிரும்.

பெட்டிக்குள்ள நான் தழை கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். டாக்டரம்மாவே கட்டுச்சு. நெட்டச்சி என்ன பண்ணுச்சு தெரியுமா? நாலு காலும் வெளிய நிக்கும். கழுத்தை மட்டும் நீட்டி, எட்டின வரைக்கும் தின்னுட்டு வந்துரும். எப்பேர்ப்பட்ட புத்தி! ரெண்டு மாசமும் அப்படித்தான். கடைசியில என் கால்ல வந்து விழுவாங்க, அப்போ பேசிக்குவோம்னு இருந்தேன்.

ஆவணி மாசம், வியாழக்கிழமை காலையில லாரி வந்துச்சு. கிரேன் வந்துச்சு. போலீஸ், பேப்பர்காரங்க, கூட்டம். எட்டு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் என்னென்னமோ காட்டிக் கூப்பிடுறாங்க, நெட்டச்சி அசையலை. கழுத்தை உள்ள விடும், எடுத்துரும். நான் வேலிக்கு வெளிய கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். யாராவது "அங்குராஜ், நீ வா"ன்னு கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் கூப்பிடலை. டாக்டரம்மா டைரக்டர்கிட்ட, "போதும் சார், பயந்துருச்சு. இன்னைக்கு விட்டுருவோம். இதுக்கு மேல வதைக்க வேண்டாம்"னு சொன்னது என் காதுல விழுந்துச்சு.

விட்டிருப்பாங்க சார். லாரி திரும்பிப் போயிருக்கும். நான் சும்மா நின்னிருந்தா போதும்.

கை சும்மா இருக்கலை. இந்த ஊரே நிக்குது, பேப்பர்காரன் நிக்கிறான், நெட்டச்சி யார் பேச்சைக் கேட்கும்னு ஒரே ஒரு தடவை காட்டிரணும்னு தோணிப் போச்சு. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, பெட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம், வேலியண்டை போய் நின்னேன். பெட்டிக்கு முதுகைக் காட்டிட்டு என்கிட்ட நடந்து வரப் போகுது, எல்லாரும் வாயைப் பொளக்கப் போறாங்கன்னு பெல்லை அடிச்சேன்.

காது ரெண்டும் நிமிர்ந்துச்சு. தலையைத் திருப்புச்சு. முதல்ல இந்த மாடியைப் பார்த்துச்சு. மாடியில யாருமில்லை. அப்புறம் தேடுச்சு சார். அந்த நீளக் கழுத்தை இங்கயும் அங்கயும் திருப்பித் திருப்பித் தேடுச்சு. நான் இன்னும் ஓங்கி அடிச்சேன்.

பூரணம் தீவனக் கூடத்துல இருப்பான்னு நெனைச்சிட்டிருந்தேன். அவ பெட்டியோட அந்தக் கடைசியில, மேல, ஒரு பலகையில ஏறி நின்னுட்டிருந்திருக்கா. கையில முருங்கைக் கொத்து. அதுவரைக்கும் என் கண்ணுல படாம, பெட்டி மறைவுல தலையைக் குனிஞ்சுதான் நின்னிருக்கா. என் பெல் சத்தம் கேட்டதும் அவளுக்கும் தூக்கிப் போட்டிருக்கு, வெடுக்குன்னு நிமிர்ந்தா. நெட்டச்சி அவளைப் பார்த்துருச்சு. "ஏ புள்ள, வா"ன்னா. அவ அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லை.

நடந்துச்சு. முன்னங்கால் ரெண்டும் உள்ள போச்சு. பின்னங்காலும் போச்சு. கதவை இறக்கிட்டாங்க.

கூட்டம் கை தட்டுது. டைரக்டர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்குறார், "அங்குராஜ், உன் பெல்லு இல்லைன்னா இன்னைக்கு நடந்திருக்காதுய்யா!" பேப்பர்ல என் படம் வந்துச்சு, சைக்கிளோட. அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

டாக்டரம்மா மட்டும் கை தட்டலை. என்கிட்ட வந்து நின்னு, மெதுவாத்தான் சொல்லுச்சு, "அண்ணே, நீங்க பெல் அடிச்சா அக்கா மாடிக்கு வருவாங்கன்னு அதுக்குத் தெரியும். அது உங்க பெல்லுக்கு வரலை, அக்காவைத் தேடி வருது. பதினோரு வருஷமா உங்களுக்கு இது தெரியாதா?"

"பொய்"னேன்.

"சரி, பெல் சத்தம் கேட்டதும் அக்கா ஏன் மாடிக்குப் போறாங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"துணி எடுக்க"ன்னேன். அந்தம்மா அப்படியே என்னைப் பார்த்துட்டுப் போயிருச்சு. அந்தப் பார்வையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

துணைக்கு ஒரு ஆள் லாரியில கூடப் போகணும். புது இடத்துல அது தழை எடுக்குற வரைக்கும் ஆறு வாரம் இருக்கணும். ஆர்டர்ல பூரணம் பேரு இருந்துச்சு. எனக்கு யாரும் சொல்லலை, அவளும் சொல்லலை. பையோட வந்து நின்னா. வீட்டுக்குள்ள வந்து பார்த்தா கொடியில அவ சேலை ஒண்ணுகூட இல்லை. இருபத்தெட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் நிஜமாவே துணி எடுத்திருக்கா.

ஆறு வாரம் கழிச்சு போன் போட்டேன். "எப்போ வர்ற?"ன்னேன். "ஏங்க, இங்க புள்ள ஓடுதுங்க"ன்னா. என்னடின்னேன். "ஓடுது. மத்ததுங்க கூடச் சேர்ந்துக்கிட்டு, வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுது. அதுக்கு ஓடத் தெரியும்னே நமக்குத் தெரியாமப் போச்சே"ன்னு சிரிக்கிறா. நான் கேட்டது வர்ற தேதி, அவ சொல்றது ஓட்டத்தை. நான் போனை வெச்சுட்டேன். அப்புறம் திரும்பப் போட்டேன், எடுக்கலை. அங்கயே மாத்திக் குடுங்கன்னு அவ எழுதிக் குடுத்துட்டான்னு நாலு மாசம் கழிச்சு ஆபீஸ்ல சொன்னாங்க. முள்ளம்பன்னிக்குக் கிழங்கு போட்டுக்கிட்டிருந்தேன், அப்போ வந்து சொன்னாங்க.

இப்போ வழக்கும் வாபஸாம். மனு போட்டவளே வேண்டாம்னுட்டா. வீட்டை இடிச்சு, பட்டியைப் பெருசாக்கி, புதுசா ரெண்டு ஒட்டகச்சிவிங்கி வருதாம். அதுங்களைப் பார்த்துக்க என்னைக் கூப்பிட்டாலும் போக மாட்டேன். கூப்பிடலை, அது வேற விஷயம்.

உங்க ஃபைல்ல அவ லெட்டர் இருக்கும். காட்டுங்க. ஏன் தயங்குறீங்க, கிழிச்சுற மாட்டேன். குடுங்க.

'மேற்படி குடியிருப்பு எனக்குத் தேவையில்லை. அந்த இடத்தை விலங்குகளுக்கு ஒதுக்கிட எனக்கு ஆட்சேபம் இல்லை.' பாருங்க. 'மேற்படி'ன்னெல்லாம் அவளுக்கு எழுத வராது. டாக்டரம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கா. கீழ கையெழுத்து மட்டும் அவளுது. அன்னைக்கு என் பேப்பர்ல கோணலாப் போட்டா. இதுல நேரா இருக்கு.

சரி, எந்திரிங்க. அளந்துட்டுப் போங்க, உங்களுக்கும் வேலை இருக்கும். அந்த முனையைக் குடுங்க, நான் பிடிக்கிறேன். பயப்படாதீங்க, இந்தச் சுவர்ல ஓட்டை இல்லை. நீங்க அடுப்புப் பக்கம் போங்க. அந்தத் தட்டெல்லாம் ஓரமா நகர்த்திக்கங்க, ஒடுங்கியிருக்கும், கை கிழிச்சிரும். ம், இழுங்க.

எவ்வளவு? பதினொண்ணே காலா? இருக்காது சார், நல்லாப் பாருங்க. நான் முனையைச் சுவரோட ஒட்டித்தான் வெச்சிருக்கேன், வந்து பாருங்க வேணும்னா. பதினொண்ணே காலா?

பன்னெண்டுன்னு எழுதுங்க சார். ரெண்டு பேர் இருந்த வீடு இது.